கென்னத் ஆண்டர்சன்: சுடத் தெரிந்தவர், சுடாமலிருக்கவும் தெரிந்தவர்



நம் மாணவர் பேரவை ஆண்டு மலருக்கு யாராவது ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி கேட்டார்கள். கலாம் ஐயாவையும் விசுவேசுவரய்யாவையும் சீனியர் அண்ணன்கள் முன்பே எடுத்துக்கொண்டார்கள். நான் ஒரு வேட்டைக்காரரை எடுத்துக்கொண்டேன். மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு வேட்டைக்காரர் எதுக்குடா என்று பக்கத்து பெஞ்சு நண்பன் சிரித்தான். காரணம் இருக்கிறது. எங்க அப்பாவின் இடது கால்தான் காரணம். அதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

நூலகத்தில் யாரும் தொடாத இங்கிலீஷ் அலமாரியில் ஒரு பழைய புத்தகம் கிடைத்தது. பெயர் 'நைன் மேன்-ஈட்டர்ஸ் அண்ட் ஒன் ரோக்'. ஒன்பது ஆட்கொல்லிகள், ஒரு முரட்டு யானை என்று வைத்துக்கொள்ளுங்கள். 1954-ல் வெளிவந்தது. நானோ பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். எளாவூர் ஸ்டேஷனில் வண்டிக்குக் காத்திருக்கும்போதும், வண்டியில் இடம் கிடைத்தபோதும், டிக்‌ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பக்கமாகப் படித்து முடிக்க ஏறக்குறைய மூன்று மாதம் ஆச்சு. படித்து முடித்த பிறகு அந்த மனிதரை மறக்க முடியவில்லை. அவர்தான் கென்னத் ஆண்டர்சன்.

யார் இவர்?

கென்னத் ஆண்டர்சன் 1910-ஆம் ஆண்டு மார்ச் 8-ஆம் தேதி செகந்திராபாத் அருகே பொலாரத்தில் பிறந்தார். ஸ்காட்லாந்து வம்சம். ஆனாலும் அவர் குடும்பம் பல தலைமுறையாக நம் நாட்டிலேயே வாழ்ந்த குடும்பம். அப்பா ராணுவத்தின் சம்பளக் கணக்குப் பிரிவில் அதிகாரி. அவருக்குப் பறவை வேட்டையில் ஆசை. அந்த ஆசைதான் மகனுக்கும் ஒட்டிக்கொண்டது.

பெங்களூரில் பிஷப் காட்டன் பள்ளியிலும் செயின்ட் ஜோசப் கல்லூரியிலும் படித்தார். சட்டம் படிக்க எடின்பரோவுக்கு அனுப்பினார்கள். அந்தப் படிப்பும் அந்த ஊரும் அவருக்கு ஒட்டவில்லை. பாதியில் விட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். பிறகு தபால் தந்தி இலாகாவில் சுமார் 15 வருடம் வேலை. அதற்கப்புறம் பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் திட்டமிடல் பிரிவு மேலாளர். 1940-ல் தொடங்கப்பட்டு, பின்னாளில் எச்.ஏ.எல். என்று நாடறிந்த அதே தொழிற்சாலைதான். நண்பர்களே, கவனியுங்கள்! நாம் கனவு காணும் வேலையில் இருந்தவர் அவர். லீவு கிடைத்தால் மட்டும்தான் காடு.

அவர் சுற்றிய காடுகள் எங்கோ ஆப்பிரிக்காவில் இல்லை. ஓசூர் பக்கம் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி. தர்மபுரி பக்கம் பென்னாகரம், ஒகேனக்கல், சின்னாறு. அந்தக் காலத்தில் இதெல்லாம் சேலம் ஜில்லா. நமக்கு இன்னும் பக்கத்தில், ரேணிகுண்டாவைத் தாண்டி ரயில் பாதை ஓரம் இருக்கிற மாமண்டூர் காட்டைப் பற்றியும் எழுதியிருக்கிறார். நம்ம ஊர் செக்போஸ்ட்டைத் தாண்டினால் ஆந்திரா என்பதால், அந்தப் பெயரைப் படித்ததும் எனக்கு ஏதோ சொந்தக்கார ஊரைப் பார்த்த மாதிரி இருந்தது.

தமிழும் கன்னடமும் அவருக்குத் தெரியும். காட்டைக் கற்றுக்கொடுத்தவர்கள் என்று பென்னாகரம் பக்கத்து ஏழை நண்பர்களைத்தான் சொல்கிறார். பைரா என்ற காட்டுவாசி, ரங்கா என்ற இன்னொருவர். கால்தடம் பார்ப்பது, காற்று வீசும் திசை பார்ப்பது, மானும் குரங்கும் எதற்காகக் கத்துகிறது என்று தெரிந்துகொள்வது, எல்லாம் அவர்கள் தந்த படிப்பு. டிகிரி வாங்காத வாத்தியார்கள்!

1939 முதல் 1966 வரை அவர் சுட்டதாக அரசாங்கப் பதிவில் இருப்பவை 8 ஆட்கொல்லிச் சிறுத்தைகள், 7 ஆட்கொல்லிப் புலிகள். எந்த ஊரில் ஆட்கள் சாகிறார்களோ அந்த ஊருக்குப் போய், கிணற்றடியிலும் மரத்தடியிலும் உட்கார்ந்து, செத்தவரின் வீட்டாரிடம் விசாரித்து, அதற்குப் பிறகுதான் காட்டுக்குள் இறங்குவார். சில சமயம் நாள்கணக்கில் காத்திருந்து வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார். அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

அவர் கையில் இருந்த ரைஃபிள்

ஆண்டர்சன் என்றால் கூடவே வருவது .405 வின்செஸ்டர். அமெரிக்காவின் ஜான் பிரவுனிங் வடிவமைத்து 1895-ல் வந்த மாடல். அதில் .405 என்ற தோட்டாவுக்கான வகை 1904-ல் வந்தது. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் 1909-ல் ஆப்பிரிக்கா போனபோது எடுத்துப் போனதும் இதே வகைதான். விசைக்குக் கீழே ஒரு நெம்புகோல் இருக்கும். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் காலி உறை வெளியே விழும், அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறும். முதலாமாண்டில் நாம் படித்த நெம்புகோல் தத்துவம், வேறு ஒன்றுமில்லை.

அந்தத் தோட்டாவின் குண்டு 300 கிரெய்ன். நம் கணக்கில் 19.4 கிராம். குழலை விட்டுக் கிளம்பும் வேகம் வினாடிக்கு 2,200 அடி, அதாவது சுமார் 670 மீட்டர். அரை எம் வி ஸ்கொயர் போட்டுப் பாருங்கள். சுமார் 4,360 ஜூல் வரும். நான் நோட்டில் போட்டுப் பார்த்துவிட்டு அசந்துபோனேன்.

ஆனால் ஜூல் மட்டும் பெரிசா இருந்தால் போதாது என்பதுதான் இதில் நான் கற்ற பாடம்.

ஒரு தோட்டாவின் வேலை என்ன?

பெரிய விலங்கைச் சுடும்போது நல்ல வேட்டைக்காரர் எதிர்பார்ப்பது ஒன்றுதான். அது துடிக்காமல், என்ன நடந்தது என்று தெரிவதற்குள் சாக வேண்டும். அதற்குக் குண்டு இரண்டு வேலை செய்தாக வேண்டும். தோல், சதை, எலும்பு தாண்டி இதயத்துக்கோ நுரையீரலுக்கோ மூளைக்கோ போய்ச் சேர வேண்டும். போய்ச் சேர்ந்த இடத்தில் தன் சக்தியைக் கொடுக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் விலங்கு காயத்தோடு ஓடிவிடும்.

இதற்காகத்தான் குண்டுகளில் இரண்டு ஜாதி. ஒன்று, ஈயத்தை முழுக்க உலோக உறையால் மூடியது. வேட்டைக்காரர்கள் இதை சாலிட் என்பார்கள். எலும்பில் பட்டாலும் உருமாறாமல் நேராகத் துளைத்துப் போகும். யானைக்கு இதுதான். ஏனென்றால் யானையின் மூளை, பெரிய மண்டை ஓட்டுக்குள்ளே தேன்கூடு போன்ற எலும்புக்குப் பின்னால் ரொம்ப உள்ளே இருக்கிறது. இன்னொன்று, மூக்கில் மட்டும் ஈயம் வெளியே தெரிகிற சாஃப்ட் நோஸ். உள்ளே போனதும் மூக்கு விரிந்து காளான் மாதிரி ஆகும். புலிக்கும் சிறுத்தைக்கும் இதுதான்.

மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? சிறுத்தையை சாலிட் குண்டால் சுட்டால், கோணி ஊசி சாக்கைத் துளைப்பது போல இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போய்விடும். சக்தியெல்லாம் பின்னால் இருக்கிற மண்மேட்டுக்குத்தான் போகும். சிறுத்தை ஓடிப்போய் மூன்று நாள் கழித்துச் சாகும். யானையை சாஃப்ட் நோஸால் சுட்டால், குண்டு மண்டை எலும்பிலேயே நசுங்கி நின்றுவிடும். யானை வெறிபிடித்து ஊருக்குள் வரும். குண்டு ரொம்ப இளக்கமாக இருந்தாலும் ஆபத்துதான். புலியின் தோள் எலும்பு மேலேயே சிதறி, பார்க்கப் பெரிய காயமாக இருக்கும், உயிர் மட்டும் போகாது. டிரில் பிட் தேர்வு செய்யும்போது நம்ம வொர்க்‌ஷாப் சார் முதலில் என்ன மெட்டீரியல் என்று கேட்பார் அல்லவா? அதே கேள்விதான் இதுவும்.

இன்னொரு விசித்திரம் பாருங்கள். விரிகிற குண்டுகளுக்கு டம்டம் குண்டு என்ற பெயர் வந்ததே நம் கல்கத்தா பக்கத்து டம்டம் ஆயுத சாலையால்தான். 1890-களில் வெள்ளைக்காரப் பட்டாளத்துக்காக அங்கே செய்தார்கள். மனிதன் மேல் பயன்படுத்துவது கொடூரம் என்று 1899-ல் ஹேக் மாநாடு அதைப் போரில் தடை செய்தது. போரில் கொடூரம் என்று ஒதுக்கிய வகைக் குண்டே, விலங்குக்குச் சீக்கிரம் சாவு தருகிறது என்பதால் வேட்டையில் கருணை ஆனது. எனக்கு இது முதலில் புரியவே இல்லை. பிறகு யோசித்தேன். போரில் காயம்பட்டவனைத் தூக்கிச் செல்ல டாக்டர் உண்டு, ஆஸ்பத்திரி உண்டு. காட்டில் காயம்பட்ட விலங்குக்கு யார் இருக்கிறார்கள்?

ஆட்கொல்லி எப்படிப் பிறக்கிறது?

ஆண்டர்சனின் புத்தகங்களில் திரும்பத் திரும்ப வரும் விஷயம் இதுதான். புலி பிறவியிலேயே ஆட்கொல்லி இல்லை. மனிதனைக் கண்டால் ஒதுங்கிப் போகிற ஜீவன் அது. முள்ளம்பன்றியின் முள் பாதத்தில் ஏறி சீழ் பிடித்தாலோ, யாரோ நாட்டுத் துப்பாக்கியால் அரைகுறையாகச் சுட்டுக் காயப்படுத்திவிட்டாலோ, மானைத் துரத்த முடியாமல் போகிறது. அப்போதுதான் மெதுவாக ஓடுகிற இரையைத் தேடுகிறது. அந்த இரை நாம்தான்.

வடக்கே ஜிம் கார்பெட் கண்டதும் இதே உண்மை. 1907-ல் அவர் சுட்ட சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. அது செத்த பிறகு வாயைத் திறந்து பார்த்தால், வலது பக்கத்து மேல் கோரைப்பல் பாதி இல்லை, கீழ்ப்பல் அடியோடு இல்லை. எப்போதோ யாரோ சுட்ட குண்டின் வேலை. சுட்டவர் யார் என்று எந்தப் பதிவிலும் இல்லை. அன்றைக்கு அவர் குறி தப்பிவிட்டது என்று வீட்டுக்குப் போயிருப்பார். அந்த ஒரு தவறின் விலை 436 உயிர்.

அதனால்தான் நல்ல வேட்டைக்காரர்களிடம் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. காயப்படுத்திய விலங்கை விட்டுவிட்டு வரக்கூடாது. ரத்தத் துளியைப் பார்த்துக்கொண்டே புதருக்குள் போய், அதன் வேதனையை முடித்துவைக்க வேண்டும். காயம்பட்ட சிறுத்தை இருக்கிற புதருக்குள் நடப்பது எமன் வாசலுக்குப் போவது போல. ஆனாலும் ஆண்டர்சன் போனார். தன் கைத்தவறால் காயம்பட்டதையும் தானே ஒத்துக்கொண்டு எழுதினார். பெருமைக்காக எழுதுகிறவர் இதையெல்லாம் மறைத்திருப்பார்.

எங்க தாத்தாவின் துப்பாக்கி

இப்போது அப்பாவின் கால்.

எங்க தாத்தாவுக்குக் கொஞ்சம் வேர்க்கடலை நிலம் குத்தகையில் இருந்தது. ஓரத்தில் சவுக்குத் தோப்பு, அதையொட்டி வேலிகாத்தான் புதர். 1980-களின் கடைசியில் ஒரு வருஷம் காட்டுப்பன்றி வந்து கடலையைக் கிளறிப் போட்டது. தாத்தா ஒருத்தரிடம் நாட்டுத் துப்பாக்கி இரவல் வாங்கினார். முன்பக்கம் மருந்து இடித்து, அதன்மேல் குண்டு போடுகிற வகை. குண்டுக்கு எங்கே போவது? காயலான் கடையில் கிடைத்த பழைய பேரிங்கை உடைத்து, அந்த பால்ரஸ் குண்டைப் போட்டார். அது அப்போதும் சட்டப்படி குற்றம்தான். நான் நியாயப்படுத்த வரவில்லை.

ராத்திரி பன்றி வந்தது. தாத்தா சுட்டார். பன்றி கத்திக்கொண்டே புதருக்குள் ஓடியது. டார்ச் அடித்துப் பார்த்தார், கொஞ்சம் ரத்தம் இருந்தது. இருட்டில் போக பயம். காலையில் பார்த்துக்கலாம் என்று வீட்டுக்கு வந்து படுத்துட்டார்.

விடியற்காலையில் அவர் எழுந்திருப்பதற்கு முன்பே எங்க அப்பா ஆடு ஓட்டிக்கிட்டுப் போயிட்டார். அப்போது அவர் ஒன்பதாம் வகுப்பு. புதருக்குள் கிடந்த பன்றி பாய்ந்து இடது தொடையைக் கிழித்துவிட்டது. மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி. எலும்பும் நரம்பும் சரியாகச் சேரவில்லை. பள்ளிக்கூடம் அதோடு நின்றது. இன்றைக்கு அவர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன். 12 மணி நேரம் அந்தக் காலில் நிற்கிறார். எங்க வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான் ஆனதற்கு இதுவும் ஒரு காரணம்.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 8 மில்லிமீட்டர் பேரிங் குண்டின் எடை சுமார் 2.1 கிராம். ஆண்டர்சனின் குண்டு 19.4 கிராம். அதே வேகத்தில் போனால்கூட ஒன்பதில் ஒரு பங்கு சக்திதான். நாட்டுத் துப்பாக்கியில் அந்த வேகமும் கிடையாது. உருண்டையான இரும்பு விரியவும் விரியாது, கடினமான தோலையும் கொழுப்பையும் தாண்டி ஆழமாகப் போகவும் போகாது. நாலைந்து குண்டு சிதறிப் பட்டால் நாலைந்து காயம், அவ்வளவுதான். அந்தத் துப்பாக்கி பன்றியைக் கொல்லாது, கோபப்படுத்தும் என்று அன்றைக்கே அறிவியல் சொல்லியிருக்கும். சொல்ல ஆள் இல்லை. நல்ல தோட்டா வாங்க தாத்தாவிடம் காசும் இல்லை.

ஆண்டர்சனிடம் வின்செஸ்டர் இருந்தது, சம்பளம் இருந்தது, அரசாங்க அனுமதி இருந்தது. தாத்தாவிடம் இரவல் துப்பாக்கியும் குத்தகைக் கடனும்தான் இருந்தது. இரண்டு பேரையும் ஒரே தராசில் வைப்பது நியாயமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் காசில்லாதவனாலும் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. கையில் இருக்கிற கருவி இந்த வேலைக்குப் போதாது என்று தெரிந்தால், விசையில் இருந்து விரலை எடுத்துவிடலாம். அதற்குச் செலவு கிடையாது. தகரம் தட்டி விரட்டியிருந்தால் கொஞ்சம் கடலை போயிருக்கும். கால் இருந்திருக்கும்.

தாத்தா அதற்கப்புறம் துப்பாக்கியைத் தொடவில்லை. அப்பா நொண்டிக்கொண்டு வாசல் தாண்டும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று ஆயா சொல்லும். எனக்கு இங்கே அட்மிஷன் கிடைத்தபோது, தன்னிடம் இருந்த இரண்டு ஆட்டையும் விற்றுப் பணத்தை அப்பா கையில் கொடுத்தார். எதுவும் பேசவில்லை. போன வருஷம் தவறிவிட்டார்.

ரைஃபிளைக் கீழே வைத்தவர்

ஆண்டர்சனும் இளமையில் ஆசைக்காகச் சுட்டவர்தான். அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் வயதாக ஆக, காட்டைப் பார்ப்பதற்காகவே காட்டுக்குப் போனார். ராத்திரியில் ஜீப்பில் வந்து, கண்கூசும் விளக்கடித்து, கண் மினுக்கிய இடத்தில் எல்லாம் சுட்டுத் தள்ளிவிட்டு, செத்ததா காயமா என்றுகூட இறங்கிப் பார்க்காமல் போகிறவர்களை அவர் வேட்டைக்காரர் என்றே ஒத்துக்கொள்ளவில்லை. காடும் புலியும் கண்ணெதிரே குறைந்ததைக் கவலையோடு எழுதினார்.

1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1973-ல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் வந்தது. 1974 ஆகஸ்ட் 30-ஆம் தேதி பெங்களூரில் புற்றுநோயால் ஆண்டர்சன் காலமானார். வயது 64. அவருடைய கடைசிப் புத்தகங்களில் ஒன்று அவர் இறந்த பிறகு 1976-ல் வெளிவந்தது. அவர் நடந்த ஜவளகிரி, அஞ்செட்டிக் காடுகள் 2022-ல் காவிரி தெற்கு வன உயிரின சரணாலயம் ஆயின. பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

நமக்கு என்ன?

வேட்டைதான் முடிந்துபோச்சே, நமக்கெதற்கு இந்தக் கதை என்று கேட்கலாம். முடியவில்லை நண்பர்களே! காட்டுப்பன்றி இன்றைக்கும் நம் ஊர்களில் வயலுக்கு வருகிறது. காப்புக்காட்டில் இருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வருகிற பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்று தமிழக அரசு 2025 ஜனவரியில் ஆணை வெளியிட்டது. சுடும் உரிமை வனத்துறைக்கு மட்டும்தான். எந்தத் துப்பாக்கி, எந்தத் தோட்டா, எவ்வளவு தூரம் என்ற கேள்வி இன்று அவர்கள் முன்னால் இருக்கிறது. நாமோ அவுட்டுக்காய் வைக்கிறோம், வேலிக்குக் கரண்டு கொடுக்கிறோம். அவுட்டுக்காய் பன்றியின் தாடையைப் பிய்த்துவிட்டு உயிரை விட்டுவைக்கும். அதே காயைக் கடித்து யானைகள் தீனி தின்ன முடியாமல் பட்டினியில் செத்திருக்கின்றன. கரண்டு வேலிக்கு பன்றிக்கும் மனுஷனுக்கும் வித்தியாசம் தெரியாது. உங்கள் வீட்டிலோ பக்கத்து நிலத்திலோ இப்படி யாராவது செய்தால், படித்த பிள்ளை என்ற முறையில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். எங்க தாத்தாவுக்குச் சொல்ல ஆள் இல்லை. உங்கள் வீட்டில் நீங்கள் இருக்கிறீர்கள்.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்து அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஷிஃப்ட் முடிந்து வந்து காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு கேட்டார். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், அந்தப் பன்றி ராத்திரி பூரா எவ்வளவு வலியோடு கிடந்திருக்கும் என்று மட்டும் சொன்னார். அதன்மேல் அவருக்கு இத்தனை வருஷத்தில் கோபமே வந்ததில்லையாம்.

கென்னத் ஆண்டர்சன் உயிரோடு இருந்திருந்தால், எங்க அப்பாவைப் பார்க்க நிச்சயம் எளாவூருக்கு வந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

– இரண்டாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன், எளாவூர்